சாக்ஸ் போட்ட பாட்டில்கள்

எங்கள் வீட்டில் பியர் காய்ச்சுவது நான், மோந்து பார்ப்பது என் கணவர். கல்யாணமாகி மெல்பர்னில் ரோவில் பகுதிக்குக் குடிவந்த புதிதில் சனிக்கிழமைப் பொழுதுபோக்காகத் தொடங்கியது அது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். சுத்தம் பண்ணுவது, சூட்டை அளப்பது, பிறகு பேசாமல் காத்திருப்பது எல்லாம் எனக்குக் கைவந்த வேலைகள். அவருக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஆனால் மூக்கு உண்டு. காரில் போகும்போதே எந்த வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிற மூக்கு. நான் கழுவிக் கவிழ்த்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மோந்துவிட்டு, "இதுல சோப்பு வாடை இருக்கு, இன்னொரு வாட்டி அலசு" என்று திருப்பித் தருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீங்களே அலசுங்க சாமி" என்பேன். அலச மாட்டார். அடுத்த பாட்டிலை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார்.

உலகமே படுத்து எழுந்த அந்தத் தொற்று எங்கள் வீட்டுக்குத் தாமதமாகத்தான் வந்தது. எனக்கு இருமலோடு போயிற்று. அவருக்குக் காய்ச்சல் விட்டபோது மோப்பமும் சேர்ந்து போய்விட்டது. முதலில் சிரித்தோம். இனிமேல் என் சமையலைக் குறை சொல்ல வழியில்லை என்று நானே ஊரெல்லாம் சொல்லிக் கேலி செய்தேன். ஒரு மாதம் போனது, இரண்டு போனது, ஒரு வருடமே போய்விட்டது. திரிந்த பாலைக் காப்பியில் ஊற்றிக் குடித்தார். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துக் கருகியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு, புளிப்பு, காரம் தெரிகிறது, மற்றதெல்லாம் அட்டையை மெல்லுவதுபோல இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு எப்போதும் அவர் பொறுப்பு. அதை விட்டுவிட்டார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். சின்னக் குப்பிகளில் ரோஜா, கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் எண்ணெய்களை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு சில மாதம் செய்தார். பிறகு ஒருநாள் எல்லாக் குப்பிகளையும் மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடினார்.

"வெறும் தண்ணியத்தான் மோந்துட்டிருக்கேன். விடு."

அதற்கடுத்த வாரமோ என்னவோ, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தவர், "உன் வாசனைகூட எனக்கு மறந்துபோச்சு" என்றார். நான் ஏதோ பால் வாங்க வேண்டும் என்று பேச்சை மாற்றினேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு அழுகை அவ்வளவு சுலபத்தில் வராது.

அவர் முழுக்கக் கைவிட்டுவிட்டார் என்பது கார் நிறுத்தும் காராஜைத் திறந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பழுப்புப் பாட்டில்களில் ஒன்றுகூட இல்லை. காலிப் பாட்டில் திரும்ப வாங்கும் இயந்திரத்தில் எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். "இனிமே எதுக்கு அது?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே பியருக்கு வேண்டிய மால்ட், ஈஸ்ட், ஹாப்ஸ் பூ எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதுவும் அவருக்குப் பிடித்த ஹாப்ஸ், எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோல மணக்கும் வகை. மோப்பமே இல்லாதவருக்கு மணக்கிற பியர் எதற்கு என்று கேட்காதீர்கள். அவர் மறுபடி காராஜுக்குள் வந்து நிற்க வேண்டும், ஏதாவது ஒரு குறை சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பீப்பாயில் பியர் பொங்கிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அம்மா வந்து சேர்ந்தாள். அம்மா திருநெல்வேலிக்காரி. பியர் என்ற சொல் காதில் விழுந்தால் அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவாள், போகிற வழியெல்லாம் என்னை வளர்த்த லட்சணத்தைச் சொல்லிக்கொண்டே போவாள். வந்த அன்றே காராஜை எட்டிப் பார்த்து, "என்னட்டி இது, கொப்புளிச்சிக்கிட்டுக் கெடக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று வாயில் வந்தது அதுதான்.

"மருந்தும்மா. அவர் மூக்குக்கு. அரிஷ்டம் மாதிரி. இன்னும் பக்குவம் ஆகல."

அம்மா பீப்பாயைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார். அந்த வருடம் அவர் சிரித்ததே எண்ணி எடுத்த தடவைகள்தான். அதில் அது ஒன்று.

பாட்டிலுக்குத்தான் திண்டாட்டமாகிவிட்டது. எங்கள் தெருக்கோடியில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருக்கிறார். வாரக்கடைசி விருந்து எங்கே நடந்தாலும் காலிப் பாட்டில்களை எனக்காகப் பொறுக்கி வைப்பவர். பை நிறையக் கொண்டுவந்து இறக்கினார்.

"தங்கச்சி, மண்ணிறப் போத்தல் ஒண்டும் கிடைக்கேல்லை. பச்சையும் வெள்ளையும்தான் கிடக்கு. இது காணுமோ?"

"காணும் அண்ணா" என்றேன், அவர் பேச்சிலேயே. ஆனால் பியருக்கு வெளிச்சம் ஆகாது. கசப்பும் மணமும் ஹாப்ஸ் பூவிலிருந்து வருகிறது. அந்தக் கசப்பின்மேல் வெயில் பட்டால் அது உடைந்து நாற்றமெடுக்கும். மண்ணிறம், அதாவது பழுப்புக் கண்ணாடி என்றால் பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சை சும்மா பேருக்குத்தான். நிறமே இல்லாத வெள்ளைப் பாட்டிலை மெல்பர்ன் கோடை வெயிலில் கொண்டுபோய் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே கதை முடிந்தது.

அண்ணாவின் மனைவி அம்மாவைக் கேரம் டவுன்ஸ் கோவிலுக்கு அழைத்துப் போன சனிக்கிழமையில் நான் தனியாகப் பாட்டில்களை நிரப்பினேன். கழுவி, கிருமி நீக்கி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சர்க்கரை போட்டு, பியரை நுரைக்காமல் இறக்கி, மூடியை வைத்து, மூடி இறுக்கும் கருவியின் நெம்புகோலை அழுத்தினேன். பழக்கதோஷத்தில் கழுவிய ஒவ்வொரு பாட்டிலையும் அவர் மோந்து பார்க்க இடப்பக்கம் நீட்டினேன். அங்கே யாரும் இல்லை. அவர் உள்ளே டிவி முன்னால் இருந்தார். "ஒரு தடவ வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டதற்கு, "நான் பாத்து என்ன ஆகப்போகுது?" என்று அங்கிருந்தே பதில் வந்தது.

காராஜில் ஜன்னல் இருக்கிறது. வெறும் அட்டைப்பெட்டியை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் அவருடைய பழைய அலுவலகச் சாக்ஸ் நினைவுக்கு வந்தது. முழங்கால்வரை வரும் கறுப்புச் சாக்ஸ், ஒரு பை நிறையக் கிடந்தது. இப்போதெல்லாம் கணுக்காலோடு நிற்கிற குட்டிச் சாக்ஸ்தான் போடுகிறார். வெள்ளைப் பாட்டில், பச்சைப் பாட்டில் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு சாக்ஸ் மாட்டிப் பெட்டிக்குள் நிறுத்தி, மேலே கம்பளியைப் போர்த்தினேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி நின்றன. எனக்கே சிரிப்பு வந்தது.

பாட்டிலுக்குள் நுரைக்கும் வாயு ஏறிப் பக்குவமாகச் சில வாரங்கள் பிடிக்கும். அவ்வப்போது மாலையில் கம்பளியைத் தூக்கிப் பார்ப்பேன். எல்லாம் சாக்ஸோடு சமர்த்தாக நின்றுகொண்டிருக்கும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. கொளுத்துகிற வெயில். சீக்கிரம் வேலை முடிந்து மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். பக்கவாட்டுக் கதவைத் திறந்ததும் கொல்லைத் துணிக்கொடிதான் முதலில் கண்ணில் பட்டது. கறுப்புச் சாக்ஸ் அத்தனையும் துவைத்துக் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு நொடி, இவர் எதற்கு இத்தனை சாக்ஸைத் துவைத்தார் என்றுதான் யோசித்தேன். பிறகுதான் பாட்டில்கள் நினைவுக்கு வந்தன. ஓடிப்போய்ப் பார்த்தால் பின்புற மரத்தளத்தில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் என் பாட்டில்கள் அத்தனையும் வெயிலில் பளபளவென்று நிற்கின்றன. ஒவ்வொரு மூடியின் தலையிலும் திருநீற்றுக் கீற்று. பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் அம்மா. வெயில் படாத பக்கம் வெயில் பக்கம் வரும்படி ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா உன்ன இதையெல்லாம் வெளிய எடுக்கச் சொன்னா!"

நான் போட்ட சத்தத்தில் பின்வீட்டு நாய் குரைத்தது.

அம்மா அசரவில்லை. "ஏட்டி, மருந்த இருட்டுல அடைச்சு வச்சா வீரியம் வருமா? சூரிய புடம் போட வேண்டாமா? நம்ம ஊரு வைத்தியரு தைலத்தக் கண்ணாடிக் குப்பில ஊத்தி மொட்டமாடில வச்சிருப்பாருல்லா. நீதான் பாத்திருக்கியே. இங்க என்னடான்னா சாக்ஸ் மாட்டி வச்சிருக்க. மருந்துக்குக் காலு குளிருமாட்டி?"

"எத்தன நாளா நடக்குது இது?"

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் வைப்பேன். வெயில் சாய எடுத்து, பழையபடி சாக்ஸ மாட்டி உள்ள வச்சிருவேன். இன்னைக்குத்தான் அந்தச் சாக்ஸ் ஒரு மாதிரி அழுக்கா இருக்கேன்னு துவைச்சுப் போட்டேன். பெட்டி என்ன பாரம் பாரமா இருக்கு. இடுப்பு விட்டுப்போச்சு."

இது பியர், வெயில் பட்டால் நாறிவிடும், நீ வாரக்கணக்காகப் பாடுபட்டு எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டாய் என்று கத்த வேண்டும். எதைச் சொல்லிக் கத்துவது? காரணம் சொல்ல முடியாத கோபம் மாதிரிக் கொடுமை உலகத்தில் இல்லை. "உன்னால சும்மாவே இருக்க முடியாதாம்மா?" என்று மட்டும் கேட்டேன். கேட்ட விதம் எனக்கே பிடிக்கவில்லை.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. குடையை மடக்கிக்கொண்டே, "மாப்பிள்ளைக்கு நல்லாகணும்னுதானட்டி செஞ்சேன். அந்தப் பிள்ள சோத்தப் பாத்து முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதக் கண்கொண்டு பாக்க முடியல" என்றாள்.

நான் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கினேன். சூடாக இருந்தன. வெடிக்காமல் இருந்ததே பெரிய காரியம். காராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தனை வாரம் என் மனதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுப்பேன், அவர் பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோவார், பிறகு என்னவோ நடக்கும். என்ன நடக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அது இனி நடக்காது என்பது மட்டும் தெரிந்தது.

அவர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். தோளைக் குலுக்கினார்.

"விடு. கீழ ஊத்திடலாம். எனக்கு நல்ல பியரா இருந்தா என்ன, கெட்டுப்போனதா இருந்தா என்ன?"

அம்மா சாமி விளக்கேற்றப் போன சமயமாகப் பார்த்து, பெட்டிகளைத் துணி துவைக்கும் அறைக்குத் தூக்கி வந்தார். தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டேன். அவர் ஒரு வெள்ளைப் பாட்டிலை எடுத்து மூடியை நெம்பினார். புஸ்ஸென்று நுரை பொங்கிக் கையெல்லாம் வழிந்தது. அவர் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ச்சீ! என்ன கருமம்டி இது! ரப்பரக் கொளுத்தின மாதிரி!"

"நாறத்தான் செய்யும். இத்தன நாள் வெயில்ல வச்சா…" என்று ஆரம்பித்த நான் சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவரும் என்னைப் பார்த்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பாட்டிலைத் தூக்கி, மூக்கை அதன் வாயிலேயே வைத்து இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி இழுத்தார்.

"நாறுதுடி" என்றார். "சத்தியமா நாறுது."

அவர் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். பக்கத்திலிருந்த சோப்புத்தூளை எடுத்து மோந்தார். ஒன்றுமில்லை. என் துப்பட்டாவை இழுத்து மோந்தார். ஒன்றுமில்லை. திரும்பவும் பாட்டில். "இருக்கு, இருக்கு!" அடுத்ததாக ஒரு பச்சைப் பாட்டிலைத் திறந்தார். வெகுநேரம் யோசித்துவிட்டு, "இது அந்தளவுக்கு மோசமில்ல. வெள்ளப் பாட்டில்தான் ரொம்ப நாறுது" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் குறை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சத்தம் கேட்டு அம்மா வாசலில் வந்து நின்றாள். "ஐயோ, மருந்தக் கொட்டுதியளா?"

அவர் ஈரக்கையோடு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அத்தை, எனக்கு மூக்குல தெரியுது. நாத்தம் தெரியுது அத்தை!"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாளே, அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். "வெயில் காட்டினாத்தான் வேல செய்யும்னு சொன்னேம்லா" என்றாள். நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். மத்தியானம் போட்ட சத்தத்துக்கு எனக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால் எனக்கு ஒரு விளக்கம் உண்டு. வெயில் பட்ட பியரின் நாற்றத்தை மனித மூக்கு இம்மியளவு இருந்தாலும் பிடித்துவிடும். அவர் மூக்கு தானாகவே தேறிக்கொண்டு வந்திருக்கலாம். அதைத் தட்டிப் பார்க்கிற அளவுக்கு ஒரு நாற்றம் அதுவரை எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. சுத்தமாக இருப்பதில் எனக்கு அத்தனை பெருமை. இந்த விளக்கமெல்லாம் சரியாகவே இருக்கட்டும். இடுப்பு வலிக்க வலிக்கப் பெட்டி தூக்கியவள் அம்மா. குடை பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டவள் அம்மா. என் நன்றி அவளுக்குத்தான்.

மிச்சப் பாட்டில்களைக் கொட்டவில்லை. வேலை முடிந்து வந்ததும் அவர் ஒன்றைத் திறந்து மோப்பம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். யாழ்ப்பாணத்து அண்ணா ஒருநாள் ஆசையாக ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடித் தம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, கோவிக்காதையுங்கோ. இதை மனுசர் குடிக்கேலாது."

"அதாண்ணா இதோட விசேஷமே" என்றார் என் கணவர். விஷயத்தைச் சொன்னதும் அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் எங்கிருந்தோ இரண்டு பை பழுப்புப் பாட்டில் கொண்டுவந்து இறக்கினார்.

மோப்பம் ஒழுங்காகத் திரும்பி வரவில்லை. கெட்டது முதலில் வந்தது. அழுகிய வெங்காயம் தெரிந்தது, கருகிய பருப்பு தெரிந்தது. காப்பி கொஞ்ச நாள் சாக்கடை மாதிரி இருக்கிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார். இழுப்பறையிலிருந்து அந்தச் சின்னக் குப்பிகள் மறுபடி வெளியே வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தார். பழக்கம் விட்டுப்போனதில் உப்பு தூக்கல்தான். நானும் அம்மாவும் வாயைத் திறக்காமல் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டோம்.

அம்மா ஊருக்குக் கிளம்புமுன், "ரெண்டு குப்பி குடுட்டி, நம்ம தெருவுல ஒருத்தருக்கு மூக்கு அடஞ்சு கெடக்கு" என்று ஆரம்பித்தாள். விமானத்தில் விடமாட்டார்கள், பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று பயமுறுத்தி நிறுத்தினேன். அது பியர் என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. சொல்கிற உத்தேசமும் இல்லை.

விமான நிலையத்தில் அவர் அம்மாவின் காலில் விழுந்தார். அம்மா மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, அவர் நெற்றியில் திருநீறு பூசி, கொஞ்சம் ஊதிவிட்டாள். உள்ளே போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். பெட்டிகளை இழுத்து, வரிசையில் நின்று, வாகன நிறுத்தத்தில் காரைத் தேடி அலைந்து நான் வேர்த்து நனைந்துபோயிருந்தேன். காரில் ஏறி உட்கார்ந்ததும் என்னை அடக்க முடியாமல் அழுதேன். அம்மா போய்விட்டாளே என்ற அழுகை.

அவர் வண்டியைக் கிளப்பவில்லை. சாய்ந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது. நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய்" என்றார். "ஒரே வேர்வ நாத்தம்."

அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவர் முகத்தை எடுக்கவே இல்லை.